சிலுவை சுமத்தல் என்பது யாது?

"இது நான் சுமக்கும் சிலுவை" என்னும் வழக்கு கிறிஸ்தவ இல்லங்களில் மட்டுமன்றிப் பிற சமயத்தார் இல்லங்களிலும் பரவியிருத்தல் யாவரும் அறிந்ததே. தீராப் பிணியுற்றார் தம் பிணியைச் சிலுவை என்கின்றார். கடன்பட்டார் கடனைச் சிலுவை என்கின்றார். மாமியார் மருமகளையும், மருமகள் மாமியாரையும் அவ்வாறே குறிப்பிடக் கேட்டிருக்கின்றோம். இவை யாவும் துன்பங்களே, ஐயமில்லை. ஆயினும், தம்மைப் பின்பற்ற விழைவோர் தத்தம் சிலுவையை எடுத்துக்கொண்டு வருதல் வேண்டுமென இயேசுநாதர் பணித்தபோது அவர் கருதியது இவற்றைத்தானோ என்பது ஆராய்தற்குரியது. நம் சங்கத்தாருள் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். எனினும், ஒரு சொல்லின் உண்மைப் பொருளைத் தெளிதலும், அப்பொருளுக்காக உயிர்விட்டாரது வரலாற்றை அறிதலும் எல்லார்க்கும் பொதுவாகலின், சரித்திர வாயிலாக இதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

சிலுவை ஆதியில் சமயச் சின்னமன்று. அஃது உரோம அரசின் கொலைக்கருவி. அடிமைகள், கலகக்காரர், கொள்ளைக்காரர் ஆகியோர்க்கென ஒதுக்கப்பட்ட தண்டனை அது. உரோமக் குடியுரிமை பெற்றார்க்கு அதனை விதித்தல் பெரும்பாலும் வழக்கன்று. கி.மு. 71ஆம் ஆண்டில் ஸ்பார்ட்டகஸ் என்பான் தலைமையிற் கிளர்ந்தெழுந்த அடிமைகள் தோல்வியுற்றபோது, சிறைப்பட்டோர் ஏறத்தாழ 6,000 பேர் கப்புவா நகர் தொடங்கி உரோமாபுரி வரை செல்லும் ஆப்பியப் பெருவழியின் மருங்கே சிலுவைகளில் அறையப்பட்டனர். வழிச்செல்வோர் கண்டு நடுங்குதல் வேண்டுமென்பதே அரசினரின் நோக்கம். தண்டனை பெற்றவன் சிலுவையின் குறுக்கு மரத்தைத் தன் தோளிலே தாங்கி, ஊரார் எள்ளி நகையாட, வீதிவழியே கொலைக்களஞ் செல்லுதல் அக்காலத்து முறை. ஆகவே, சிலுவை சுமத்தல் என்னுஞ் சொல்லை முதன்முதற் கேட்ட கலிலேய நாட்டு மீனவர்க்கும் உழவர்க்கும் நோயோ கடனோ நினைவிற்கு வந்திராது. அரசின் தீர்ப்பைப் பெற்று, மானமிழந்து, மீளாவழிச் செல்லும் ஒருவனது கோலமே அவர்தங் கண்முன் நின்றிருக்கும்.

இதினின்றும் மூன்று குறிப்புகள் பெறப்படுகின்றன. முதலாவது, அச்சிலுவை தானாக வந்துற்ற துன்பமன்று; குருவைப் பின்பற்றியதன் பயனாய் வருவது. பின்பற்றாது விட்டிருந்தால் வந்திராது. இரண்டாவது, அது வலியை மட்டுமன்றி இழிவையுங் கொணர்வது. புகழோடு படுந்துன்பம் வேறு, பழியோடு படுந்துன்பம் வேறு. மூன்றாவது, அது தனியறையிற் பொறுத்துக்கொள்வதன்று, உலகறிய நேர்வது. இம்மூன்றையும் நெஞ்சிற் கொண்டால், பிற்காலத்தில் இச்சொல் எத்துணைத் தூரம் பொருள் மாறிற்று என்பது விளங்கும். நாலாம் நூற்றாண்டில் உரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவ சமயத்துக்கு ஆதரவளித்த பின்னர், கொலைமரம் கொடியிலும் முடியிலும் ஏறிற்று. பொன்னாலும் மணியாலும் அதனைச் சமைத்து மார்பில் அணிந்தனர். சுமப்பார்க்குப் பாரமாயிருந்தது, அணிவார்க்கு அலங்காரமாயிற்று.

அலங்காரமாயிருந்தது மீண்டும் பாரமாகிய காலம் ஒன்று நேர்ந்தது. அதனையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றோம். இடம் ஜெர்மனி தேசம். காலம் 1933 முதல் 1945 வரை.

1933ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் ஹிட்லர் அந்நாட்டின் முதன்மந்திரியானார். ஏப்ரல் 7ஆம் நாள் பிறந்த சட்டமொன்று, ஆரிய வமிசத்தினரல்லாதாரை, அஃதாவது யூத மரபினரை, அரசாங்க உத்தியோகங்களினின்றும் விலக்கிற்று. இச்சட்டத்தைத் திருச்சபையிலும் புகுத்துதல் வேண்டுமென்று ஒரு கட்சியார் கிளம்பினர். ஜெர்மானியக் கிறிஸ்தவர் என்று தம்மைக் கூறிக்கொண்ட அவர், சிலுவையின் நடுவே ஹிட்லர் கட்சியின் ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பொறித்துக் கொடியாகப் பிடித்தனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நடந்த சபைத் தேர்தலில் அவர்களே வென்றனர். செப்டம்பரில் கூடிய பிரஷ்ய நாட்டுச் சபையின் பேரவை, யூத மரபிற் பிறந்தார் குருத்துவ உத்தியோகம் வகித்தலாகாது என முடிவு செய்தது. ஞானஸ்நானம் பெற்று, வேதங் கற்று, குருப்பட்டம் பெற்றாராயினும், பாட்டனார் யூதராயிருந்தமையே குற்றமாயிற்று. ஒரே பாத்திரத்திற் பங்குகொண்டோரைப் பிறப்பென்னும் வாள்கொண்டு பிளந்தது அச்சபை.

இதனை எதிர்த்தாருள் ஒருவர் டீட்ரிக் போன்ஹோஃபர். இவர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரிற் பிறந்தார். அந்நகர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் கார்ல் போன்ஹோஃபர் மனநோய் மருத்துவத்திற் பெயர்பெற்ற பேராசிரியர். 1912இல் பெர்லின் சர்வகலாசாலைக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு அங்குக் குடியேறினார். மக்கள் எண்மர், அவருள் டீட்ரிக்கும் சபீனா என்னும் பெண்மகவும் இரட்டையர். மூத்த தமையன்மாருள் ஒருவர் 1918இல் போர்க்களத்தில் மாண்டார். டீட்ரிக் தமது 21ஆம் வயதிலேயே வேதசாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1930-31இல் அமெரிக்காவில் நியூயார்க் நகரிற் கற்றபோது, ஹார்லெம் பகுதியிலுள்ள நீக்ரோவர் எனப்பட்ட கறுப்பின மக்களது ஆலயத்திற்குத் தொடர்ந்து சென்று, நிறத்தால் ஒதுக்கப்பட்டாரது துயரையும் பக்தியையும் அருகிருந்து கண்டார். பிறப்பால் மனிதரை அளப்பது எத்தன்மைத்து என்பதைத் தம் நாட்டிற் காண்பதற்கு முன்னரே அவர் பிறநாட்டிற் கண்டிருந்தார்.

ஆயினும் அவரும் ஒருகால் தவறினார். பெரியோர் வரலாறு எழுதுவோர் அவர்தங் குறைகளை மறைத்தல் வழக்கம். நாம் மறைக்க விரும்பவில்லை. சபீனாவின் கணவர் கெர்ஹார்டு லைப்ஹோல்ஸ் யூத மரபினர். 1933 ஏப்ரலில் அவருடைய தந்தையார் காலமானார். இறந்தவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். அடக்கச் சடங்கில் உரையாற்றுமாறு குடும்பத்தார் டீட்ரிக்கை வேண்டினர். அவர் தமக்கு மேலான சபையதிகாரியை யோசனை கேட்டார். அக்காலத்தில் அது தகாதென அவ்வதிகாரி கூறவே, இவரும் மறுத்துவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அச்செயல் அவர் நெஞ்சை அறுத்தது. தாம் அச்சத்தால் பின்னடைந்ததை ஒப்புக்கொண்டு, அக்குடும்பத்தாருக்குக் கடிதமெழுதி மன்னிப்பு வேண்டினார். சிலுவையைப் பற்றிப் பின்னர் நூலெழுதியவர், சிலுவை முதலில் தம் வீட்டு வாயிலில் வந்து நின்றபோது அதனைக் கண்டுகொள்ளவில்லை. இந்நிகழ்ச்சி அவரைச் சிறுமைப்படுத்துவதன்று, நம்மை எச்சரிப்பது.

அதே ஏப்ரலில் அவர் யூதர் விஷயமாய்ச் சபையின் கடமையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அரசு செய்வது முறையோ என்று கேட்டல் சபையின் முதற்கடமை. துன்புற்றார் எச்சமயத்தவராயினும் உதவுதல் இரண்டாங் கடமை. வேறு வழியில்லாதவிடத்து, அநீதியின் சக்கரம் மேலே ஓடாதவாறு தடுத்தல் மூன்றாங் கடமை என்பது அதன் கருத்து. இம்மூன்றாங் கடமையே அவரைப் பன்னீராண்டு கழித்துத் தூக்குமரத்திற் கொண்டுபோய் நிறுத்திற்று.

1933 அக்டோபரில் அவர் இலண்டன் சென்று அங்கிருந்த ஜெர்மானியச் சபைகள் இரண்டிற்குப் போதகராயிருந்தார். அக்காலை, பலாத்காரத்தைப் பலாத்காரமின்றி எதிர்க்கும் நெறியை நேரிற் கற்க விரும்பி, காந்தியடிகளைக் காண விழைந்தார். காந்தியடிகளும் 1934 நவம்பரில் அவரை வரவேற்றுக் கடிதம் விடுத்தார். ஆயின், தாய்நாட்டில் வேறு கடமை அழைத்தமையால் அப்பயணம் நிறைவேறவில்லை. அரசுக்குப் பணிய மறுத்த குருமார் 1934 மே மாதத்தில் பார்மென் நகரிற் கூடி, சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரேயன்றி வேறெவருமிலர் என்னும் விசுவாச அறிக்கையை வெளியிட்டிருந்தனர். அவ்வறிக்கைச் சபையின் இளங்குருமாரைப் பயிற்றும் பொறுப்பு 1935இல் போன்ஹோஃபரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பால்டிக் கடலோரத்திலும், பின்னர் ஸ்டெட்டின் நகருக்கு அண்மையிலுள்ள பிங்கன்வால்டே என்னும் ஊரிலும் அவர் நடத்திய பயிற்சிச் சாலையை 1937 செப்டம்பரில் இரகசியப் போலீசார் மூடினர். மாணாக்கர் பலர் சிறை புகுந்தனர்.

அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்ததே அவரது பெயர்பெற்ற நூல். பின்பற்றுதல் என்னும் பொருள்தரும் ஒற்றைச் சொல்லே அதன் தலைப்பு. அந்நூலில் அவர் மலிந்த கிருபை, விலையுயர்ந்த கிருபை என இருவகை வகுத்தனர். மனமாற்றமின்றி மன்னிப்பும், கீழ்ப்படிதலின்றி ஆறுதலும் வழங்குவது மலிந்த கிருபை. அதுவே சபையின் பெரும்பகை என்றார். சிலுவையைப் பற்றி அவர் கூறிய கருத்துகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. வாழ்க்கையில் இயல்பாக வரும் இடர்கள் சிலுவையல்ல என்பது ஒன்று. துன்பத்தோடு புறக்கணிப்புஞ் சேர்ந்ததே சிலுவை என்பது மற்றொன்று. சிலுவையைத் தேடி அலைய வேண்டுவதில்லை, பின்பற்றுவார்க்கு அஃது ஆயத்தமாயிருக்கின்றது என்பது மூன்றாவது. பிறர் பாரத்தையும் பிழையையும் மன்னித்துத் தாங்குதலும் அதன் பகுதியே என்பது நான்காவது. முன்னர் நாம் சரித்திரத்தினின்றும் பெற்ற குறிப்புகளோடு இவை ஒத்திருத்தல் காண்க.

இந்நூல் அச்சேறிய காலத்திலேயே, நூலெழுதாத ஒருவர் அதன் பொருளை உடம்பால் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பவுல் ஷ்னைடர். டிக்கன்ஷீட் என்னுஞ் சிற்றூரின் போதகர். ஆறு மக்களுக்குத் தந்தை. அரசின் கட்டளைக்கு மாறாகத் தம் சபையை விட்டு நீங்க மறுத்தமையால் 1937 நவம்பரில் பூகன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். சபையைத் துறப்பதாக இசைந்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம், அவர் இசைந்திலர். 1938இல் ஹிட்லரின் பிறந்தநாளன்று கொடிக்கு வணக்கமாகத் தொப்பியை அகற்ற மறுத்தார். அதற்காகத் தனிச்சிறையில் அடைத்து வருத்தப்பட்டார். அவ்வறையின் சாளர வழியே முற்றத்தில் நின்ற கைதிகளுக்கு இறைமொழி கூறி ஊக்குவிப்பார். ஒவ்வொரு முறையும் அடி விழும். 1939 ஜூலை 18ஆம் நாள் அம்முகாமிலேயே கொல்லப்பட்டார்.

அதே 1939 ஜூன் மாதத்தில் போன்ஹோஃபர் நியூயார்க் நகரிற் பத்திரமாயிருந்தார். போர் வருமென அஞ்சிய நண்பர் அவரை அங்கு வருவித்து வேலையும் அமைத்திருந்தனர். தங்கியிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம்; நூல்கள் பல எழுதியிருக்கலாம்; எவரும் குறை கூறியிரார். எனினும் அவர் மனம் அமைதி பெறவில்லை. தம் மக்களோடு இடுக்கணிற் பங்கு கொள்ளாதவன், இடுக்கண் தீர்ந்தபின் அவர்தம் வாழ்வைச் சீர்ப்படுத்துவதிற் பங்கு கொள்ளும் உரிமை இழப்பான் எனத் துணிந்து, ஒரு திங்கள் நிரம்புவதற்குள் ஜூலை மாதத்தில் கப்பலேறித் திரும்பினார். போர் செப்டம்பர் முதல்நாள் மூண்டது. விலகத்தக்க இடத்தில் விலகாது நின்றதே சிலுவை சுமத்தலென்றால், அவர் அதனைத் தோளேற்றியது தூக்குமேடையிலன்று, அக்கப்பலின் படியிலேயாம்.

அதன்பின் அவர் சென்ற வழி கரடுமுரடானது. இராணுவ வேவுத்துறையில் இருந்துகொண்டே ஹிட்லரை வீழ்த்தச் சூழ்ச்சி செய்தாரோடு, தம் மைத்துனர் ஹான்ஸ் ஃபான் டோனானியின் வாயிலாகச் சேர்ந்தார். 1942இல் யூத மரபினர் 14 பேரை அத்துறையின் ஆட்கள்போலக் காட்டிச் சுவிட்சர்லாந்திற்குத் தப்புவித்த செயலில் அவருக்கும் பங்குண்டு. அவ்வாண்டே சுவீடன் நாட்டிற் சிச்செஸ்டர் அத்தியட்சர் ஜார்ஜ் பெல் என்பாரைச் சந்தித்துச் சூழ்ச்சியாளர் செய்தியைப் பிரிட்டிஷ் அரசுக்கு அனுப்பினார், அவ்வரசு செவிசாய்க்கவில்லை. 1943 ஜனவரியில் மரியா ஃபான் வேடமையர் என்னும் நங்கையோடு அவருக்கு மணவுறுதி நிகழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் சிறைப்பட்டார். மணம் நிகழவே இல்லை.

பெர்லினில் டேகல் சிறையில் ஒன்றரை ஆண்டிருந்தார். 1944 ஜூலை 20ஆம் நாள் ஹிட்லரைக் கொல்ல வைத்த வெடி பயனிலதாயிற்று. சூழ்ச்சியாளர் ஒவ்வொருவராய்ப் பிடிபட்டனர். காவலன் ஒருவன் துணைகொண்டு தப்பியோட ஏற்பாடு நடந்தது. ஆயின் தமையனார் கிளாஸும் சிறைப்பட்டாரென்று கேட்டதும், தாம் ஓடினால் வீட்டாருக்குக் கேடு விளையுமென அம்முயற்சியைக் கைவிட்டார். 1945 ஏப்ரல் 8ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஷோன்பெர்க் என்னும் ஊரிற் பாடசாலையொன்றில் அடைபட்டிருந்த கைதிகளுக்கு வழிபாடு நடத்தி முடித்தபோது அவரை அழைத்தேகினர். மறுநாள் விடியலில் ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டனர். வயது 39. இரு வாரம் கழித்து, 23ஆம் நாள், அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது. கிளாஸும், ஹான்ஸ் ஃபான் டோனானியும், ரூடிகர் ஷ்லைக்கர் என்னும் மற்றொரு மைத்துனரும் அதே மாதத்தில் உயிரிழந்தனர். மகனது மரணத்தை முதிய பெற்றோர் உறுதியாக அறிந்தது, ஜூலை 27ஆம் நாள் இலண்டனில் நடந்த நினைவு வழிபாட்டை வானொலியிற் கேட்டபோதுதான்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஷ்னைடர் இறைமொழி கூறியதற்காக இறந்தார். அவரை இரத்தசாட்சி என்றல் எளிது. போன்ஹோஃபரோ கொலைச் சூழ்ச்சியிற் சேர்ந்தவர். அது சிலுவை சுமத்தலாமோ? இவ்வினா நமதன்று, அவரது சபையாரே கேட்டது. அவர் சிறையிலிருந்த காலத்தில், அறிக்கைச் சபை தன் வேண்டுதற் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. அரசியற் குற்றத்துக்காகச் சிறைப்பட்டவர் எனக் கருதினர். போர் முடிந்த பின்னரும் பலர் தயங்கினர். 1996ஆம் ஆண்டிலேதான் பெர்லின் நீதிமன்றமொன்று அவர்மீது இடப்பட்ட தீர்ப்புச் செல்லாதென உறுதிப்படுத்திற்று. 1998இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய முகப்பில் நிறுவப்பட்ட இருபதாம் நூற்றாண்டு இரத்தசாட்சிகள் பதின்மர் சிலைகளுள் அவர் சிலையும் ஒன்று.

நாம் கருதுவது இதுவே: போன்ஹோஃபர் தம்மைக் குற்றமற்றவரென ஒருபோதும் பாராட்டவில்லை. கொலை பாவமே என்பதை அவர் அறிவார். பாவமென்றறிந்தே, பிறர் உயிர் காக்கும் பொருட்டு அப்பழியைத் தம்மேல் ஏற்று, தீர்ப்பை இறைவனிடம் விட்டார். அவர் செய்தது சரியோ தவறோ என்பதில் அறிவுடையார் மாறுபடலாம்; நாமும் அதனை முடிவுகட்டத் துணியோம். ஆயின், தம் தூய்மை கெடாதிருக்கப் பிறர் அழிவைப் பார்த்துக்கொண்டிருத்தலும் ஒரு பாவமே என்று அவர் கண்டது உண்மை. ஷ்னைடர் சுமந்தது பழுதற்ற சிலுவை. இவர் சுமந்தது, தம் சபையாராலும் புறக்கணிக்கப்பட்ட சிலுவை. இரண்டும் பாரமே.

இனி, இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? பிறப்பால் ஒன்றுகூடிய சங்கத்தார் நாம். நம்மவர்க்குக் கல்வியும் உதவியும் தேடுதல் குற்றமன்று. ஆனால் நம்மவரைப் பேணுதல் வேறு. பிறரைப் பிறப்பினால் விலக்குதல் வேறு. முன்னது கைகொடுத்தல், பின்னது கதவடைத்தல். ஒரு பெருஞ்சபை, வேதமும் கல்வியும் நிறைந்த சபை, இவ்வேறுபாட்டை மறந்து எவ்வாறு கெட்டதென்பதை மேலே கண்டோம்.

மற்றொன்று நம் இல்லங்களுக்குரியது. நோயும் வறுமையும் சிலுவையல்ல என்றது, அவற்றை எளியவென எண்ணியன்று. நோய்க்கு மருந்து வேண்டும். வறுமைக்கு உதவி வேண்டும். துக்கத்துக்குத் துணை வேண்டும். அவற்றிற்குச் சிலுவையெனப் பெயரிட்டுவிட்டால், உதவவேண்டிய நாம் உபதேசத்தோடு நின்றுவிடுவோம். கணவனால் அடியுண்ணும் பெண்ணுக்கும், கூலி மறுக்கப்பட்ட வேலையாளுக்கும், இளமையிற் கைம்மையுற்று ஒதுக்கப்பட்டவளுக்கும் அது உன் சிலுவை, பொறுத்திரு என்று போதிப்பார் உளர். பிறர் தோளில் நாம் ஏற்றிய பாரத்தைச் சிலுவையென்று கூறுதல் பெரும்பிழை. உரோமச் சேவகரும் சிலுவையைப் பிறர்மேல் ஏற்றியவரேயன்றோ? அவரை எவரும் சீடரென்பதில்லை. சுமக்க மாட்டாது தளர்ந்தவருக்குத் தோள்கொடுத்த சிரேனே ஊர்ச் சீமோனையே, கட்டாயத்தின்பேரிற் சுமந்தவனாயினும், உலகம் நினைவிற் கொண்டிருக்கின்றது.

ஆகவே, ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து நம்மை நாமே வினவிக்கொள்ளத்தக்கவை இரண்டு. உண்மையைக் கைவிட்டிருந்தால் இத்துன்பம் வந்திராதோ? இதனைச் சுமப்பதால் வேறொருவரது பாரம் குறைகின்றதோ? ஆமெனின் அது சிலுவை, மகிழ்ந்து சுமக்கலாம். அன்றெனின் அது துன்பம். ஒருவர்க்கொருவர் துணைநின்று தீர்க்க முயலலாம். பிரெஸ்லாவிற் பிறந்த அவ்விளைஞர், முதல்முறை வாயிலில் வந்த சிலுவையைக் காணத் தவறி, மன்னிப்பு வேண்டி, மறுமுறை வந்தபோது தவறாது தோளேற்றார். நம் வாயிலில் அஃது எவ்வுருவில் வந்து நிற்குமோ அறியோம். வரும்பொழுது கண்டுகொள்ளும் கண் நமக்கு வாய்ப்பதாக.